பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றும் முன் ஹார்ட் டிஸ்கை முழுதாக அழிப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்களைப் பலரும் விற்கிறார்கள், எக்ஸ்சேஞ்சில் போடுகிறார்கள், ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் கேட்டால், "ஃபார்மேட் பண்ணிட்டோம், ஒண்ணும் இல்லை" என்கிறார்கள். பெரும்பாலும் எல்லாமே உள்ளே இருக்கும்.

எங்கள் வீட்டிலும் உறவினர் அலுவலகத்திலும் சேர்ந்துபோன பழைய மெஷின்களை அழிக்க உட்கார்ந்தபோதுதான் இந்த வேலையில் எத்தனை சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தது. தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பாதி, இன்றைய மெஷின்களில் வேலையே செய்யாது. நீங்கள் அந்தச் சுற்றுக்குப் போகாமல் இருக்க, வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு அடிப்படை. ஃபைலை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அந்த இடம் "காலி" என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும். குவிக் ஃபார்மேட்டும் இதே கதைதான். விண்டோஸை மறுபடி ஏற்றும்போது வரும் ஃபார்மேட் பட்டன் செய்வதும் குவிக் ஃபார்மேட்டைத்தான். சந்தேகம் இருந்தால், படங்கள் இருந்த ஒரு பென்டிரைவைக் குவிக் ஃபார்மேட் செய்துவிட்டு, ஃபோட்டோரெக் அல்லது ரெகுவா என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஆதார் நகல், பான் கார்டு, கல்யாணப் படம் என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

1. உள்ளே இருப்பது எந்த வகை டிஸ்க் என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்கும் முறை வேறு, சுழலும் தட்டே இல்லாமல் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியை அழிக்கும் முறை வேறு. பலர் தவறுவது இங்கேதான்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் "டீஃப்ராக்மென்ட்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற ஜன்னல் திறக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே, மீடியா டைப் என்ற பத்தியில் ஹார்ட் டிஸ்க் டிரைவா, சாலிட் ஸ்டேட் டிரைவா என்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, மொத்தம் எத்தனை டிஸ்க் இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி என்றும் எழுதிவையுங்கள்.

ஏன் என்றால், 256 ஜிபி எஸ்எஸ்டியும் 1 டிபி ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து வந்த லேப்டாப்கள் நிறைய உண்டு. விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியை மட்டும் அழித்துவிட்டு, படங்களும் கணக்குகளும் இருக்கும் பெரிய டிஸ்கை அப்படியே கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு தெரிவதாலேயே இரண்டு டிஸ்க் என்றும் முடிவு செய்யக் கூடாது. ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்திருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இருப்பதுதான் உண்மையான கணக்கு.

2. எடுக்க வேண்டியதை எடுங்கள்

படங்கள், ஆவணங்கள் எல்லாம் நீங்களே எடுப்பீர்கள். மறந்துபோகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டேலி வைத்திருந்தால், அழிப்பதற்கு முன் அதன் லைசென்ஸை அந்த மெஷினிலிருந்து சரண்டர் செய்யுங்கள். செய்யாமல் அழித்துவிட்டால், புதிய மெஷினில் அதே லைசென்ஸை ஏற்ற அலைய வேண்டிவரும். இப்படி ஒரு மெஷினோடு கட்டப்பட்ட வேறு மென்பொருள் எது இருந்தாலும் இதே விதி.

அவுட்லுக் பயன்படுத்தியவர்களின் பழைய மெயில்கள் பிஎஸ்டி ஃபைலாக டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை, கணக்கோடு சிங்க் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தமிழில் பல வருடம் தட்டச்சு செய்தவர்களுக்கு ஒன்று. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், அழைப்பிதழ்கள், புத்தக வேலைகள் இருந்தால், ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் காப்பி எடுங்கள். இல்லாவிட்டால் புதிய கம்ப்யூட்டரில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். அந்த எழுத்துரு எந்தக் கடையில் எந்த சிடியில் வந்தது என்று பிறகு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

காப்பி எடுத்த டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். அப்புறம் அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அழிக்கும் வேலை நடக்கும்போது பேக்கப் டிஸ்க் அந்த மெஷினில் செருகியிருக்கவே கூடாது.

3. வாங்க வேண்டியதும் ஆகும் செலவும்

ஒரு பென்டிரைவ் போதும், 8 ஜிபி இருந்தாலே தாராளம். அதில் இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால் காலியானதாக எடுங்கள். மென்பொருள் இலவசம். லேப்டாப் ஆன் ஆகவில்லை, டிஸ்கை மட்டும் கழற்றி வேறு மெஷினில் செருக வேண்டும் என்றால், சாட்டா டு யூஎஸ்பி கேபிள் ஒன்று தேவை. லேப்டாப் டிஸ்குக்கு உரியது சில நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலோ கிடைக்கும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்குக்கு அந்தக் கேபிள் போதாது. தனி பவர் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

"டேட்டா வைப்" என்று காசு வாங்கிச் செய்துகொடுக்கும் கடைகளும் உண்டு. வீட்டு மெஷினுக்கு அது தேவையில்லை. தகவலை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலையே. அழிக்கச் சொல்லி முழு டிஸ்கையும் இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டு வருவது அதற்கு நேர் எதிர்.

4. ஹார்ட் டிஸ்க் என்றால்: மேலே எழுதி அழித்தல்

பழைய குறிப்புகள் எல்லாம் டிபேன் என்ற மென்பொருளைச் சொல்லும். ஒரு காலத்தில் நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை உள்ள மெஷின்களில் அது பூட் ஆவதே, அதாவது அதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்குவதே சிரமம், எஸ்எஸ்டிக்கு உரியதும் அல்ல. அதற்குப் பதில் ஷ்ரெட்ஓஎஸ் எடுங்கள். என்வைப் என்ற அழிப்பு மென்பொருளை மட்டும் சுமந்து பென்டிரைவிலிருந்து ஓடும் சிறிய லினக்ஸ் அது. அதன் இமேஜ் ஃபைலை ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் என்ற மென்பொருள் வழியாகப் பென்டிரைவில் ஏற்றுங்கள். வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது.

மெஷினை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்குப் போங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தும் பூட் ஆகவில்லை என்றால், பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில், செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பூட் ஆகியும் டிஸ்க் பட்டியலில் வரவில்லை என்றால், இன்டெல் மெஷின்களில் ஸ்டோரேஜ் முறை ரெய்டு அல்லது விஎம்டி என்று வைக்கப்பட்டிருக்கும். அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும். மாற்றியபின் பழைய விண்டோஸ் திறக்காமல் போகலாம். எப்படியும் அழிக்கப் போவதால் கவலை இல்லை, ஆனால் பேக்கப் முடித்தபிறகுதான் இதைத் தொட வேண்டும்.

என்வைப் திரையில் டிஸ்குகள் வரிசையாக, மாடல் பெயரும் அளவும் சீரியல் நம்பருமாக நிற்கும். பென்டிரைவும் அதில் தெரியலாம். முதல் படியில் எழுதிவைத்த தாளை இப்போது எடுத்து, அளவையும் மாடலையும் ஒப்பிடுங்கள். அம்புக்குறிப் பட்டனால் நகர்ந்து, ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் அந்த டிஸ்க் தேர்வாகும். எம் பட்டனை அழுத்தி, முழுவதும் பூஜ்ஜியம் எழுதும் ஃபில் வித் ஜீரோஸ் (ஜீரோ ஃபில்) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட்டோடு எஸ் அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு நிறுத்தினாலும் போனது போனதுதான்.

எத்தனை முறை அழிக்க வேண்டும்? பட்டியலில் மூன்று முறை, ஏழு முறை, 35 முறை என்றெல்லாம் இருக்கும். அந்த 35 முறை என்பது பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது, அக்காலத்து டிஸ்குகள் தகவலைப் பதிந்த விதங்களுக்காக வகுக்கப்பட்டது. இன்றைய டிஸ்குக்கு அத்தனை முறை பொருத்தமில்லை என்று பின்னர் அவரே குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இன்றைய காந்தத் தட்டு டிஸ்குகளில் ஒரே ஒரு முறை மேலே எழுதினாலே ஆய்வுக்கூட முறைகளால்கூடப் பொதுவாக மீட்க முடியாது என்கிறது. எனவே ஒரு முறை அழித்து, எல்லாம் அழிந்ததா என்று ஒரு முறை படித்துப் பார்க்கும் வெரிஃபையும் செய்தால் போதும். மூன்று முறை என்று மிரட்டலான பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீணாகக் காத்திருக்காதீர்கள்.

நேரக் கணக்கு முக்கியம். 1 டிபி லேப்டாப் டிஸ்கை ஒரு முறை அழிக்கச் சுமார் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெரிஃபையும் சேர்த்தால் அது இரட்டிப்பாகும். தொடக்கத்தில் திரை காட்டும் மீதி நேரத்தை நம்ப வேண்டாம். தட்டின் வெளி விளிம்பில் வேகமாக எழுதும், உள்ளே போகப் போக வேகம் பாதியாகக் குறையும். அதனால் கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போகும், மெஷின் தொங்கிவிட்டது என்று நினைத்து ஆஃப் செய்துவிடாதீர்கள். யூஎஸ்பி கேபிளில் செருகி, அதுவும் பழைய யூஎஸ்பி 2 துளையில் என்றால், அதே டிஸ்குக்கு ஒரு முறைக்கே ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். வேகமான யூஎஸ்பி 3-இன் நீலத் துளை இருந்தால் அதில் செருகுங்கள்.

கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, மூடியைத் திறந்தே வையுங்கள். கட்டிலில், மெத்தையில் வைக்க வேண்டாம், மணிக்கணக்கில் ஓடும்போது டிஸ்க் நன்றாகச் சூடேறும்.

5. எஸ்எஸ்டி என்றால்: உள்ளேயே இருக்கும் கட்டளை

எஸ்எஸ்டியில் மேலே எழுதும் முறையை நம்பாதீர்கள். ஒரே இடம் தேயாமல் இருக்க, எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்குக் காட்டாத உபரி இடமும் அதில் உண்டு. நீங்கள் முழுவதும் பூஜ்ஜியம் எழுதினாலும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியில் பழைய துண்டுகள் தங்கிவிடலாம். எஸ்எஸ்டியின் ஆயுளும் வீணாகும்.

அதற்கென்றே செக்யூர் இரேஸ் என்ற கட்டளை எஸ்எஸ்டிக்குள் இருக்கிறது. அதைக் கொடுக்க எளிய வழி பயாஸ். டெல் மெஷின்கள் பலவற்றில் மெயின்டெனன்ஸ் பகுதியில் டேட்டா வைப் என்று இருக்கும். ஹெச்பி அலுவலக மாடல்களில் செக்யூரிட்டி பகுதியில் செக்யூர் இரேஸ். திங்க்பேடிலும் புதிய மாடல்களில் இதற்கான வசதி உண்டு. ஆசுஸ் மதர்போர்டு என்றால் டூல் பகுதியில் பாருங்கள். விலை குறைந்த வீட்டு லேப்டாப்களில் இது இல்லாமலும் போகலாம்.

பயாஸில் இல்லையென்றால், எஸ்எஸ்டி தயாரித்தவரின் மென்பொருள்: சாம்சங்குக்கு மேஜிஷியன், குரூஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டனுக்கு எஸ்எஸ்டி மேனேஜர். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கையே இவற்றால் அழிக்க முடியாது. வேறு மெஷினில் இரண்டாவது டிஸ்காகச் செருக வேண்டியிருக்கும். யூஎஸ்பி கேபிள் வழியாகச் செருகினால் இந்தக் கட்டளை பெரும்பாலும் போய்ச் சேராது, நேரடியாக மதர்போர்டில் செருக வேண்டும்.

இடையில் "ஃப்ரோசன்" என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தவறுதலாக அழிந்துவிடக் கூடாது என்று பயாஸ் போடும் பூட்டு அது. லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விலகிவிடும்.

கட்டளை ஏற்றுக்கொள்ளப்பட்டால், பல எஸ்எஸ்டிகளில் சில நொடிகளிலேயே முடிந்துவிடும். இவ்வளவு சீக்கிரமா என்று சந்தேகம் வரும். எஸ்எஸ்டி தன் செல்களைக் கூட்டமாக வெறுமையாக்குவதாலோ, உள்ளிருக்கும் என்கிரிப்ஷன் சாவியைத் தூக்கிப்போட்டுவிடுவதாலோதான் அந்த வேகம்.

மேலே சொன்ன எதுவும் கைகூடவில்லையா? விண்டோஸ் ப்ரோ என்றால், டிஸ்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கரை ஆன் செய்யுங்கள். "பயன்படுத்திய இடம் மட்டும்", "முழு டிரைவும்" என்று இரண்டு தேர்வு வரும். முழு டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், முன்பு டெலீட் செய்தவை என்கிரிப்ட் ஆகாமலே கிடக்கும். நூறு சதவீதம் முடியும்வரை விட்டுவிட்டு, அப்புறம் அடுத்த படியில் உள்ள ரீசெட்டைச் செய்யுங்கள்.

6. பென்டிரைவ் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு

விண்டோஸ் செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. ரிமூவ் எவ்ரிதிங் கொடுங்கள். இங்கே நின்று கவனியுங்கள்: நேராக நெக்ஸ்ட் கொடுத்தால் அது வெறும் டெலீட்தான். சேஞ்ச் செட்டிங்ஸைத் திறந்து, கிளீன் டேட்டா என்பதை யெஸ் ஆக்க வேண்டும். இரண்டு டிஸ்க் இருந்தால், எல்லா டிரைவிலிருந்தும் அழிக்கவா என்ற கேள்விக்கும் யெஸ்.

வீட்டில் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு இது போதும். அலுவலகக் கணக்கு, வாடிக்கையாளர் ஆவணங்கள், நோயாளி விவரம் இருந்த மெஷினுக்கு இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு, தொழில்துறைத் தரங்களுக்கு இந்த வசதி ஈடாகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சிப் உள்ள மேக்கில், மான்டெரே பதிப்பிலிருந்து, இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சில நிமிடங்களில் முடியும், ஐகிளவுடிலிருந்து வெளியேறுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

7. டிஸ்க் பாதி செத்திருந்தால்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நிலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தாலும், என்வைப் ஓடும்போது பிழைகள் எண்ணிக்கை ஏறினாலும், அந்த டிஸ்கை மென்பொருளால் முழுதாக அழிக்க முடியாது. கெட்டுப்போனதாக ஒதுக்கிய பகுதிகளில் எதுவும் எழுதாது, ஆனால் பழைய தகவல் அங்கே இருக்கும். அந்த டிஸ்கைக் கொடுக்காதீர்கள். கழற்றிவிட்டு, டிஸ்க் இல்லாமல் மெஷினை விற்றுவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறையும். நிம்மதி கிடைக்கும். ஆன் ஆகாத லேப்டாப்புக்கும் இதுவே என் யோசனை.

கழற்றிய ஹார்ட் டிஸ்கில், தட்டு இருக்கும் பகுதியில் டிரில்லிங் மெஷினால் நாலைந்து துளை போடலாம். லேப்டாப் டிஸ்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு சிப்பும் உடைய வேண்டும், நடுவில் ஒரு துளை போட்டால் ஓரத்துச் சிப் தப்பிவிடும். எதையும் எரிக்க வேண்டாம், வரும் புகை நச்சு.

உடைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

8. அழிந்ததா என்று பார்த்தல்

ரீசெட் அல்லாத வழிகளில் அழித்திருந்தால், வேலை முடிந்து ஆன் செய்ததும், பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் வரும். அதுதான் வர வேண்டும். ஆனால் அதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குவிக் ஃபார்மேட் செய்தாலும் அதேதான் வரும். டிஸ்கைக் கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் செருகி, டிஸ்கில் எழுதியிருப்பதை அப்படியே காட்டும் ஹெச்எக்ஸ்டி என்ற மென்பொருளில் திறந்து, தொடக்கம், நடு, கடைசி என்று உருட்டிப் பாருங்கள். ஜீரோ ஃபில் செய்திருந்தால் 00 00 00 என்று வரிவரியாக ஓடும். இடையில் எங்காவது எழுத்துகள் தெரிந்தால் மறுபடி அழியுங்கள். செருகியதும் "ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

டிஸ்கைக் கழற்ற முடியாத லேப்டாப்பில், பென்டிரைவிலிருந்து ஃபோட்டோரெக்கை ஓட்டினால் போதும். ஒரு ஃபைலும் வரக் கூடாது.

9. கையெழுத்தும் காகிதமும்

வாங்குபவர் விண்டோஸோடு கேட்டால், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் அதே பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, புதிதாக நிறுவிக்கொடுங்கள். மெஷினோடு வந்த லைசென்ஸ் என்றால், இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள். உங்கள் கணக்கைப் போட்டுத் திறந்து காட்டினால், செய்த வேலை மறுபடி முதலிலிருந்து.

பழைய கம்ப்யூட்டர் வாங்கும் கடைகள் பில்லும் அடையாள அட்டை நகலும் கேட்கும். திருட்டுப் பொருள் அல்ல என்பதற்காகக் கேட்பது, அதில் தவறில்லை. பில்லின் நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடம் இருக்கட்டும். ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கி, அதன் குறுக்கே "இந்த சீரியல் நம்பர் லேப்டாப் விற்பனைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். டிஸ்கை அழித்துவிட்டு, முழு ஆதார் நகலைக் கடையில் விட்டுவிட்டு வருவதில் அர்த்தமில்லை.

நீங்களும் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள்: மெஷினின் சீரியல் நம்பர், டிஸ்கின் சீரியல் நம்பர், தேதி, தொகை, வாங்கியவர் பெயர், கையெழுத்து. பிற்பாடு அந்த மெஷின் ஏதாவது வழக்கில் சிக்கினால் கையில் இருப்பது இந்தத் தாள்தான். அலுவலகம் என்றால், என்வைப் உருவாக்கும் பிடிஎஃப் அறிக்கையைப் பென்டிரைவில் சேமித்து, அச்செடுத்து, சொத்துப் பதிவேட்டில் அந்த மெஷினுக்கு எதிரே இணைத்துவையுங்கள். பல மெஷின்களை ஒன்றாகக் கழித்துக்கட்டும்போது, எந்த டிஸ்க் அழிந்தது எது அழியவில்லை என்ற குழப்பம் நிச்சயம் வரும். அழித்து முடித்த ஒவ்வொன்றிலும் உடனே ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதுங்கள்.

மெஷின் கைமாறிய அன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் கூகுள் கணக்கிலும் சாதனங்கள் பட்டியலைத் திறந்து, அந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, லிங்க்டு டிவைசஸில் அது இன்னும் நின்றால் அங்கேயும் லாக் அவுட் கொடுங்கள்.